தொண்ணூறாம் நாள் தபால்

அமெரிக்க வரி நீதிமன்றத்தில் மனு போட ஒருவருக்கு 90 நாள் அவகாசம் உண்டு. தொண்ணூறாம் நாள் மாலை தபாலில் சேர்த்த மனு வாஷிங்டன் போய்ச் சேர மேலும் ஒரு வாரம் பிடிக்கலாம். அப்படிச் சென்றாலும் அது உரிய காலத்தில் தாக்கலானதாகவே கொள்ளப்படும். அந்நாட்டு உள்நாட்டு வருவாய்ச் சட்டத்தின் 7502ஆம் பிரிவு தரும் சலுகை இது. தபாலில் சேர்த்த நாளே தாக்கல் செய்த நாள். இவ்வளவு எளிய விதியைச் சுற்றி எழுபது ஆண்டுகளாக வழக்குகள் ஓயவில்லை. காரணம், 'தபாலில் சேர்த்தேன்' என்ற சொல்லை மட்டும் நீதிமன்றம் ஏற்பதில்லை. எந்த நாளில் சேர்த்தீர்கள், அதற்குக் கையில் என்ன சீட்டு இருக்கிறது என்று கேட்கிறது. அந்தச் சீட்டு இல்லாததால் வழக்கின் நியாயத்தைப் பேசவே வாய்ப்பில்லாமல் வெளியேற்றப்பட்டவர்கள் பலர்.

ஒருவர் காட்டிய வரியைவிட அவர் கட்டவேண்டியது அதிகம் என்று அமெரிக்க வரித் துறையான ஐ.ஆர்.எஸ். முடிவு செய்தால், வரிக்குறைவு அறிவிப்பு ஒன்றை அனுப்புகிறது. அது தபாலில் புறப்பட்ட நாளிலிருந்து 90 நாள் ஓடத் தொடங்கும். அறிவிப்பு அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவருக்கு அனுப்பப்பட்டதானால் 150 நாள். கடைசி நாள் சனியாகவோ ஞாயிறாகவோ வாஷிங்டனில் அரசு விடுமுறையாகவோ அமைந்தால் அடுத்த வேலை நாள்வரை பொழுதுண்டு. கடைசித் தேதி எது என்பதை ஐ.ஆர்.எஸ். அறிவிப்பிலேயே குறிக்க வேண்டும் என்று 1998இல் சட்டம் வந்தது. துறை கணக்கைத் தப்பாகப் போட்டு தேதியைத் தள்ளிக் குறித்திருந்தாலும், அந்தத் தேதிக்குள் வந்த மனு செல்லும்.

இந்தக் கெடுவைத் தவறவிட்டால் என்ன இழப்பு என்பதைத் தெரிந்துகொண்டால்தான் ஓர் உறையின் மேலுள்ள தேதிக்காக ஏன் இத்தனை போராட்டம் என்பது விளங்கும். 1924இல் வரி முறையீட்டு வாரியமாகத் தொடங்கிய வரி நீதிமன்றத்தில்தான் ஒருவர் கூடுதல் வரியைக் கட்டாமலே அதை எதிர்த்து வழக்காட முடியும். அந்தக் கதவு மூடிவிட்டால் மாவட்ட நீதிமன்றத்துக்கோ கூட்டரசு உரிமைகோரல் நீதிமன்றத்துக்கோ போகலாம். ஆனால் முழு வரியையும் முதலில் கட்டிவிட்டு, பிறகு திரும்பக் கேட்டுத்தான் அங்கே போகவேண்டும் என்று 1960இல் ஃப்ளோரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கையில் பணம் இருப்பவருக்கு அது இன்னொரு வழி. இல்லாதவருக்கு அதோடு முடிந்தது. வரி நீதிமன்றத்தின் மனுக் கட்டணம் 60 டாலர். அங்கே வருவோரில் பெரும்பான்மையானோர் வழக்கறிஞர் இல்லாமல் வருகிறவர்கள். தபால் விதிகளின் நுணுக்கம் முதலில் தாக்குவது இவர்களைத்தான்.

1954க்கு முன் நிலைமை இதைவிடக் கடுமையாக இருந்தது. ஆவணம் உரிய அலுவலரிடம் போய்ச் சேர்ந்தால்தான் தாக்கல் என்று 1916இல் லொம்பார்டோ வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்திருந்தது. தபால் தாமதமானால் நட்டம் அனுப்பியவருக்கே. அதற்கு ஓரளவு மாற்றாக இருந்தது பழைய பொதுச் சட்டக் கொள்கை ஒன்று. சரியான விலாசம் எழுதி, போதிய தபால்தலை ஒட்டி, உரிய இடத்தில் சேர்த்த கடிதம் வழக்கமான நேரத்தில் போய்ச் சேர்ந்திருக்கும் என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம். 1884இல் ரோசென்தால் எதிர் வாக்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. தபால்பெட்டி விதி என்று வழக்கறிஞர்கள் குறிப்பிடுவது இதைத்தான். இந்தியாவில் 1897ஆம் ஆண்டுப் பொது ஷரத்துகள் சட்டத்தின் 27ஆம் பிரிவும் பதிவுத் தபாலுக்கு இதையொத்த அனுமானத்தைத் தருகிறது. 1954ஆம் ஆண்டுச் சட்டம் 7502ஆம் பிரிவைக் கொண்டுவந்தபோது, பழைய அனுமானம் அதோடு சேர்ந்து வாழ்கிறதா, ஒழிந்ததா என்பதைச் சொல்லாமல் விட்டது. இன்றுவரை தீராத சண்டைக்கு வித்து அங்கே விழுந்தது.

முதலில் எளிய நிலையைப் பார்ப்போம். மனு வந்து சேர்ந்துவிட்டது, ஆனால் கெடுவுக்குப் பின். அப்போது உறை பேசும். உறையில் அமெரிக்கத் தபால் துறையின் முத்திரை தெளிவாக இருந்தால் அதுவே முடிவு. முத்திரையின் தேதி கெடுவுக்குப் பிந்தியதாக இருந்தால், 'நான் முந்தின நாளே பெட்டியில் போட்டேன்' என்று பத்துப் பேரைச் சாட்சிக்கு நிறுத்தினாலும் பயனில்லை. முத்திரை அழிந்திருந்தாலோ விழாமலே போயிருந்தாலோ மட்டும் சாட்சிக்கு இடமுண்டு. எந்த நாளில் சேர்த்தோம் என்று காட்டும் சுமை அனுப்பியவரைச் சேரும். அலுவலகங்களில் தாங்களே அடிக்கும் மீட்டர் முத்திரைக்கு வேறு அளவுகோல். அதன் தேதி கெடுவுக்குள் இருக்கவேண்டும். அந்தத் தேதியில் தபால் துறை முத்திரையிட்டிருந்தால் வழக்கமாக எத்தனை நாளில் வந்து சேருமோ, அத்தனை நாளுக்குள் வந்திருக்கவேண்டும். அதற்கும் பிந்தி வந்திருந்தால் தாமதம் தபால் போக்குவரத்தில்தான் நேர்ந்தது என்றும், அதற்குக் காரணம் இது என்றும் காட்டவேண்டும். இரண்டு முத்திரையும் ஒரே உறையில் இருந்தால் தபால் துறையின் முத்திரையே வெல்லும்.

கணினியில் தபால்தலை அச்சிடும் காலம் வந்ததும் இந்த வரிசை குழம்பியது. டில்டன் வழக்கில் மனு அனுப்பக் கடைசி நாள் 2015 ஏப்ரல் 21. அன்றைய தேதியிட்ட ஸ்டாம்ப்ஸ்.காம் சீட்டோடு உறை புறப்பட்டது. தபால் துறையின் டிராக்கிங் பதிவு தொடங்கியதோ ஏப்ரல் 23இல். உறையில் கையால் அடித்த முத்திரை ஏதும் இல்லை. டிராக்கிங் பதிவையே தபால் துறையின் முத்திரைக்குச் சமமாகக் கருதிய வரி நீதிமன்றம், மனு தாமதம் என்று தள்ளியது. 2017இல் ஏழாம் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. டிராக்கிங் என்பது தபால் துறை தன் வேலைக்காக வைத்திருக்கும் பதிவு, அது முத்திரை ஆகாது; அச்சிட்ட சீட்டு தனியார் முத்திரைக்கு உரிய விதியின்கீழ் வரும் என்றது. அதே ஆண்டு பியர்சன் வழக்கில் வரி நீதிமன்றம் முழு அமர்வாகக் கூடி அந்தப் பக்கமே வந்து சேர்ந்தது.

முடிவு மனுதாரருக்குச் சாதகம்தான். ஆனாலும் இதில் ஓர் இடர் உண்டு. வீட்டிலேயே அச்சிடும் சீட்டில் இன்றைய தேதியை அச்சிட்டுவிட்டு நாளை தபாலில் சேர்க்க முடியும். அந்தத் தேதியை எடுத்துக்கொண்டு, உறை உண்மையில் எங்கே எப்போது இருந்தது என்று காட்டும் அரசின் சொந்தப் பதிவைத் தள்ளிவைக்கும் விதி, நேர்மையாளருக்கும் நல்ல பாதுகாப்பல்ல. டிராக்கிங்கை முத்திரையாகக் கொள்ளவேண்டாம். தேதியில் ஐயம் எழும்போது சான்றுகளுள் ஒன்றாகவாவது எடுத்துக்கொள்ளலாம்.

கூரியரின் கதை இதைவிட வருத்தம் தருவது. 1996இல்தான் தனியார் கூரியருக்கும் சலுகை நீட்டப்பட்டது. ஆனால் அது நிறுவனத்துக்கு மொத்தமாகக் கிடைப்பதல்ல, ஐ.ஆர்.எஸ். பட்டியலில் பெயர் குறித்த சேவை வகைகளுக்கு மட்டும். ஃபெடெக்ஸின் 'பிரயாரிட்டி ஓவர்நைட்' பட்டியலில் இருந்தது. அதைவிட வேகமான, அதைவிட விலை கூடிய 'ஃபர்ஸ்ட் ஓவர்நைட்' 2015 மே 6வரை பட்டியலில் இல்லை. அதற்கு இரண்டு வாரம் முன்பு, ஏப்ரல் 21ஆம் தேதி, ஆர்கானிக் கன்னாபிஸ் ஃபவுண்டேஷனின் மனு அந்த வேகச் சேவையில் புறப்பட்டது. கெடு ஏப்ரல் 22. மனு போய்ச் சேர்ந்தது 23. மெதுவான சேவையில் அனுப்பியிருந்தால் அனுப்பிய நாளே தாக்கல் நாளாகியிருக்கும். வேகமானதைத் தேர்ந்ததால் மனு செல்லாமல் போயிற்று. ஒன்பதாம் சர்க்யூட் 2020இல் அதை உறுதிசெய்தது. 2015 பிப்ரவரியில் அதே சேவையில் இன்னொருவர் அனுப்பிய மனு வேறு காரணத்தால் தப்பியது. கெடு நாளில் வாஷிங்டனில் கொட்டிய பனியால் நீதிமன்ற அலுவலகம் மூடியிருந்ததைக் காட்டி, மறுநாள் வந்ததை வரி நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. பின்னர் 2021இல், நீதிமன்றம் அணுக முடியாதபடி இருந்தால் கெடுவை நிறுத்திவைத்து மேலும் 14 நாள் தரும் விதி சட்டத்திலேயே ஏறியது.

இனிக் கடினமான நிலை. அனுப்பியவர் அனுப்பினேன் என்கிறார். அலுவலகம் வரவே இல்லை என்கிறது. உறையே இல்லாதபோது முத்திரையை எங்கே தேடுவது? 7502ஆம் பிரிவு பதிவுத் தபாலுக்கு ஒரு வழி வைத்திருக்கிறது. பதிவுச் சீட்டு இருந்தால் ஆவணம் போய்ச் சேர்ந்ததற்கு அதுவே முதல்நோக்குச் சான்று. விதிகள் இதைச் செர்ட்டிஃபைட் மெயிலுக்கும் நீட்டியிருக்கின்றன. இவை இரண்டும் இல்லாதவருக்குப் பழைய தபால்பெட்டி விதி கைகொடுக்குமா?

இதற்கு ஒவ்வொரு சர்க்யூட்டும் ஒவ்வொரு விடை சொன்னது. 1979இல் இரண்டாம் சர்க்யூட்டும் 1986இல் ஆறாம் சர்க்யூட்டும் கதவை மூடின: சட்டம் சொன்ன சீட்டு வேண்டும், அல்லது ஆவணம் உண்மையில் வந்து சேர்ந்திருக்க வேண்டும். 1990இல் எட்டாம் சர்க்யூட் கதவைத் திறந்தது. மினசோட்டாவின் சிறிய ஊரொன்றில் தபால் அலுவலகப் பெண் அதிகாரி அந்த உறையை நினைவில் வைத்திருந்து, தான் முத்திரையிட்டதாகச் சாட்சி சொன்னார், நீதிமன்றம் ஏற்றது. 1992இல் ஒன்பதாம் சர்க்யூட்டும் ஏற்றது. அங்கே தபால் நிலையத்துக்கு உடன் சென்ற தோழியின் சாட்சியம் உதவியது. 2008இல் மூன்றாம் சர்க்யூட்டும் திறந்த பக்கமே நின்றது. ஒவ்வொரு சர்க்யூட்டும் சில மாநிலங்களுக்கானது. ஆக, வரி செலுத்துவோர் எந்த மாநிலத்தில் குடியிருக்கிறார் என்பதைப் பொறுத்து அவருடைய சாட்சிக்கு மதிப்பு உண்டு அல்லது இல்லை.

2011 ஆகஸ்டில் கருவூலத் துறை ஒரு விதி போட்டு இந்த வேறுபாட்டை ஒழிக்கப் பார்த்தது. நேரடியாக வந்து சேர்ந்ததற்கு நிரூபணம் இல்லாவிட்டால், பதிவுத் தபால், செர்ட்டிஃபைட் மெயில், அங்கீகரித்த கூரியர் ஆகியவற்றின் சீட்டு மட்டுமே சான்று. வேறு எதுவும் அனுமானத்தை எழுப்பாது. இந்த விதியைச் சோதித்தது பால்ட்வின் வழக்கு. ஒரு தம்பதி 2005ஆம் ஆண்டு வரியில் ஒரு பகுதியைத் திரும்பக் கேட்டு, 2011 ஜூனில் சாதாரணத் தபாலில் திருத்தக் கணக்கை அனுப்பியதாகச் சொன்னார்கள். கெடு அக்டோபர் 15. கெடுவுக்குள் எதுவும் வரவில்லை என்றது ஐ.ஆர்.எஸ். அவர்களுடைய ஊழியர்கள் இருவர் தாங்களே தபாலில் சேர்த்ததாகச் சாட்சி சொன்னார்கள். மாவட்ட நீதிமன்றம் அவர்களை நம்பி, சுமார் 1,67,000 டாலரைத் திருப்பித்தரச் சொன்னது. 2019இல் ஒன்பதாம் சர்க்யூட் அந்தத் தீர்ப்பை மாற்றியது. சட்டம் தெளிவாக இல்லாத இடத்தில் துறையின் நியாயமான விளக்கத்துக்கு நீதிமன்றம் இணங்கவேண்டும் என்ற ஷெவ்ரான் கொள்கையின்படி, 2011ஆம் ஆண்டு விதியே செல்லும் என்றது. சாட்சிகள் பொய் சொன்னதாக யாரும் சொல்லவில்லை. அவர்களுடைய வாய்ச்சொல்லைச் சான்றாக எடுக்கவே இடமில்லை என்பதுதான் தீர்ப்பு.

2020இல் மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் எடுத்துக்கொள்ள மறுத்தபோது நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ் அதிலிருந்து மாறுபட்டு எழுதினார். துறைகளுக்கு இணங்கிப்போகும் கொள்கையை விரிவாக்கிய தம் சொந்தப் பழைய தீர்ப்பையே அங்கே மறுபரிசீலனை செய்தார். 2024 ஜூனில் லோப்பர் பிரைட் வழக்கில் ஷெவ்ரான் கொள்கையே நீக்கப்பட்டது. அதனால் பால்ட்வின் தீர்ப்பு தானாக விழுந்துவிடவில்லை. ஷெவ்ரானை நம்பி முன்பே தீர்த்த வழக்குகள் முன்னுதாரணமாகத் தொடரும் என்று உச்ச நீதிமன்றம் அதே தீர்ப்பில் சொல்லியிருக்கிறது. ஆனால் இந்த விதியை இன்னும் ஏற்காத சர்க்யூட்டுகளில் விவாதம் மறுபடி திறந்திருக்கிறது. நான்காம் சர்க்யூட் 2023இல் நடுவழி ஒன்றைக் காட்டியது. அனுமானம் கிடையாது, ஆனால் ஆவணம் உண்மையிலேயே போய்ச் சேர்ந்தது என்பதைச் சூழ்நிலைச் சான்றுகளால் காட்டினால் கேட்போம் என்றது.

இதே தபாலை ஐ.ஆர்.எஸ். பயன்படுத்தும்போது என்ன நடக்கிறது? வரிக்குறைவு அறிவிப்பை வரி செலுத்துவோரின் கடைசியாக அறிந்த விலாசத்துக்கு அனுப்பினால் போதும். அவர் கைக்குப் போய்ச் சேரவே இல்லை என்றாலும் அறிவிப்பு செல்லும். 90 நாளும் ஓடும். அனுப்பியதற்குத் துறை காட்டுவது தபால் துறையின் 3877 என்னும் படிவப் பட்டியல். அது முறையாக நிரப்பி முத்திரையிட்டு இருந்தால், அனுப்பியதாகவே நீதிமன்றம் அனுமானித்துக்கொள்ளும்; அதை மறுக்கும் சுமை எதிராளியுடையது. ஐ.ஆர்.எஸ்.ஸும் ஒரு சீட்டைத்தான் காட்டுகிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நாள்தோறும் அறிவிப்பு அனுப்புவதற்கென்றே ஒரு பிரிவை வைத்திருக்கும் அலுவலகத்தையும், வாழ்நாளில் ஒரே ஒருமுறை இப்படி ஓர் உறையை அனுப்பும் மனிதரையும் ஒரே தராசில் வைப்பது நீதியாகாது. முன்னதற்குச் சீட்டு வாங்குவது வழக்கம். பின்னவருக்குச் சீட்டு வேண்டும் என்பதே தோற்ற பிறகுதான் தெரியவருகிறது.

சீட்டு வாங்கியவரும் தவறும் இடம் ஒன்று உண்டு. செர்ட்டிஃபைட் மெயில் சீட்டைக் கவுன்ட்டரில் கொடுத்து, அனுப்புநர் பகுதியில் ஊழியர் முத்திரை அடித்துத் திருப்பித் தந்தால்தான் அதிலுள்ள தேதி சட்டப்படி முத்திரைத் தேதியாகும். சீட்டை ஒட்டிவிட்டு உறையைத் தெருமுனை நீலப்பெட்டியில் போட்டவரிடம் மிஞ்சுவது வெறும் எண்ணுள்ள தாள். தபால் துறை தனியே தரும் 'சர்ட்டிஃபிகேட் ஆஃப் மெயிலிங்' பெயரில் நெருக்கமானது. ஆனால் அது பதிவுத் தபாலும் அல்ல, செர்ட்டிஃபைட் மெயிலும் அல்ல. பச்சை நிற ஒப்புகை அட்டை காட்டுவது போய்ச் சேர்ந்ததை. எப்போது புறப்பட்டது என்பதை அல்ல. சில டாலரும் வரிசையில் நிற்கும் பொறுமையும் போதும். ஆனால் எந்தத் தாளை எதற்கு வாங்குகிறோம் என்பது தெரிந்திருக்கவேண்டும்.

இதுவரை உறுதியாக இருந்த முத்திரையும் இப்போது ஆட்டம் காண்கிறது. முத்திரையிலுள்ள தேதி, உறை தன் கைக்கு வந்த நாளாக இருக்கவேண்டியதில்லை என்று 2025 டிசம்பரில் தபால் துறை தன் கையேட்டிலேயே எழுதிச் சேர்த்தது. உள்ளூர் நிலையங்களிலிருந்து பெரிய பிரிப்பு மையங்களுக்கு உறைகள் செல்லும் ஒழுங்கு மாறியிருப்பதால், இன்று பெட்டியில் விழுந்தது நாளையோ அதற்கு அடுத்த நாளோ முத்திரை பெறலாம். தொலைவான சிற்றூர்களில் இது கூடுதலாக நேரும். தெளிவான தபால் முத்திரையை எதிர்த்து வாய் திறக்கக்கூடாது என்ற விதி, முத்திரை அன்றே விழுந்த காலத்துக்குப் பொருந்தியது. முத்திரை தாமதமாகலாம் என்று அதை இடுகிற துறையே சொல்லும்போது அந்த விதியைத் திருத்தாமல் வைத்திருப்பது தவறு. திருத்தம் வரும்வரை, கடைசி நாளில் பெட்டியில் போடாமல் கவுன்ட்டருக்குப் போய்க் கையால் முத்திரை கேட்பதே வழி. அதற்குக் கட்டணம் இல்லை.

அமெரிக்காவில் வேலை பார்த்துவிட்டுச் சென்னைக்கோ கோவைக்கோ திரும்பிவந்த தமிழர்களுக்கும் இது பயன்படும். 150 நாள் கிடைத்தாலும், 7502ஆம் பிரிவு பிறநாட்டுத் தபாலுக்குப் பொருந்தாது. இஸ்ரேலிலிருந்து கெடுவுக்குள் தபாலில் சேர்த்து, பிந்தி வந்த ஒரு மனுவை 2001இல் வரி நீதிமன்றம் தள்ளியது. இந்தியத் தபால் முத்திரைக்கும் அதே கதிதான். டிஎச்எல், ஃபெடெக்ஸ், யுபிஎஸ் ஆகியவற்றின் சர்வதேசச் சேவைகளில் பட்டியலில் உள்ளவற்றுக்குச் சலுகை உண்டு. சேவையின் பெயரைப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் பணம் கட்டவேண்டும்.

இணைய வழியும் இருக்கிறது. 2020 டிசம்பர் இறுதியில் வரி நீதிமன்றம் டாசன் என்ற மின்தாக்கல் அமைப்பைத் தொடங்கியது. அங்கே அனுப்பிய நேரம் கணக்கில்லை. அமைப்பு பெற்றுக்கொண்ட நேரம்தான், அதுவும் வாஷிங்டன் கடிகாரப்படி. அலபாமாவிலிருந்த ஒருவர் தம் ஊர் நேரம் இரவு 11.05க்கு மனுவை ஏற்றினார். வாஷிங்டனில் அப்போது 12.05. அது தாமதம் என்று 2023இல் தீர்ந்தது. அதே ஆண்டு, நள்ளிரவுக்கு முன் ஏற்றத் தொடங்கி, தாண்டிய சில நொடிகளில் பதிவான இன்னொரு மனுவும் தள்ளப்பட்டது. இந்தியாவிலிருந்து அனுப்புகிறவருக்கு வாஷிங்டன் நள்ளிரவு என்பது மறுநாள் காலை 9.30 அல்லது 10.30. அந்த இடைவெளியை நம்பியிராமல் இரண்டு நாள் முன்பே ஏற்றிவிடுவது நல்லது.

இத்தனை நுணுக்கமும் உயிர்பெறுவது ஒரே காரணத்தால்: ஒரு நாள் தாமதமானாலும் வழக்கைக் கேட்கும் அதிகாரமே தனக்கு இல்லை என்று வரி நீதிமன்றம் கருதிவந்தது. இந்தியாவில் இது தலைகீழ். வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குத் தபாலில் அனுப்பிய மனு, 1963ஆம் ஆண்டு விதிகளின்படி, அங்கே கிடைத்த நாளில்தான் தாக்கலானதாகும். முத்திரைக்குச் சலுகை கிடையாது. ஆனால் போதிய காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்க 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 253ஆம் பிரிவு இடம் தந்தது. தபால் நிலையத்துச் சீட்டைவிட, ஏன் தாமதம் என்ற கேள்விக்கு நேர்மையான பதில் அங்கே பெரிதாகிறது. இரண்டில் இது மனிதருக்கு நெருக்கமானது என்றே நினைக்கிறேன்.

அமெரிக்காவும் மெல்ல அப்பக்கம் திரும்புகிறது. வடக்கு டகோட்டாவின் ஃபார்கோ நகரில் போக்லர் என்ற சட்ட நிறுவனம், வரிப் பாக்கிக்கான பறிமுதல் விசாரணை தொடர்பாக வரி நீதிமன்றத்தில் மனு போடும் 30 நாள் கெடுவை ஒரு நாள் தவறவிட்டது. அந்தக் கெடு அதிகார வரம்பைச் சார்ந்ததல்ல, நியாயமான காரணத்துக்காக நீட்டலாம் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. 90 நாள் கெடுவுக்கும் அதுவே பொருந்தும் என்று 2023இல் மூன்றாம் சர்க்யூட் கல்ப் வழக்கில் தீர்த்தது. 2025இல் இரண்டாம், ஆறாம் சர்க்யூட்டுகளும் அவ்வழியே சென்றன. வரி நீதிமன்றம் மட்டும், மேல்நீதிமன்றம் அப்படிக் கட்டளையிடாத மாநிலங்களில் பழைய நிலையிலேயே நிற்கிறது. கலிஃபோர்னியா அடங்கிய ஒன்பதாம் சர்க்யூட் 2020இல், அந்த ஃபெடெக்ஸ் வழக்கிலேயே, 90 நாள் கெடுவை அதிகார வரம்பாகக் கருதியது. மூன்றாம் சர்க்யூட்டில் அடங்கிய பென்சில்வேனியாவில் வசிப்பவர் தாமதத்துக்குக் காரணம் சொல்ல முடியும்போது கலிஃபோர்னியாவில் வசிப்பவர் அதைச் சொல்லத் தொடங்குவதற்கே தடை இருப்பது, ஒரே நாட்டின் ஒரே வரிச் சட்டத்துக்கு அழகல்ல. 90 நாள் கெடுவை வகுக்கும் 6213ஆம் பிரிவில், போதிய காரணம் இருந்தால் நீதிமன்றம் கெடுவை நீட்டலாம் என்று ஒரு வாக்கியமும், 7502இல், அனுப்பிய நாளிலேயே உருவான நம்பத்தக்க பதிவு எதையும் சான்றாக ஏற்கலாம் என்று இன்னொரு வாக்கியமும் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சேர்த்தால், பால்ட்வின் தம்பதி போன்றவர்களின் சாட்சிகளையும் நீதிமன்றம் கேட்கவேண்டிவரும்.